வெங்காயக்காரர் குத்திய ஊசி

அத்திமே தெம்பெலியை வேலைக்கு எடுத்த, மாலி நாட்டுத் தலைநகர் பமாகோவின் ஆராய்ச்சி அலுவலகத்தார் அவருடைய சான்றிதழைப் பார்த்தார்கள், கையெழுத்தைப் பார்த்தார்கள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவாரா என்றுகூடப் பார்த்தார்கள். எந்தச் சனம் என்று மட்டும் கேட்கவில்லை. படித்தவர்கள் அதையெல்லாம் கேட்கக் கூடாதாம். மலையில் வெங்காயம் போடும் டோகோன்காரர் ஒருவரை, ஆற்றில் மீன் பிடிக்கும் போஸோ ஊருக்கு, குழந்தைகளின் விரலில் குத்தி ரத்தம் எடுக்க அனுப்பிவிட்டார்கள்.

டோகோனுக்கும் போஸோவுக்கும் கேலி உறவு. பார்த்த இடத்தில் திட்டிக்கொள்ளலாம். ஒருவர் கேட்டால் மற்றவர் இல்லை என்று சொல்லக் கூடாது. ஒருவர் ரத்தத்தை மற்றவர் சிந்தவே கூடாது.

அத்திமே வந்து இறங்கியதும் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"வெங்காயம் வந்து மீன்கிட்ட ரத்தம் கேக்குதுடியோவ்!" என்றாள் கும்பா. ஆறு பெற்றவள், அதில் இரண்டைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள்.

"நான் என்ன ஆசைப்பட்டா கேக்குறேன், மீன்தலை? மலேரியாவத் தாங்குற சக்தி குழந்தைங்களுக்கு எப்ப, எப்படி வருதுன்னு கண்டுபிடிக்கணுமாம். மாசாமாசம் ஒரு சொட்டு வேணும். வெறுங்கையோட போனா என் வேலை போயிரும்."

கேட்டுவிட்டாரே! கும்பா கையை நீட்டினாள். "ஊசியக் குடுடா. தினம் இருநூறு மீனு கிழிக்கிறேன், ஒரு விரலு குத்த மாட்டேனா?"

அன்றிலிருந்து தாய்மார்களே குத்தினார்கள். அத்திமே முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றைப் பார்ப்பார். சொட்டு சோதனைக் கண்ணாடித் தகட்டில் விழுந்ததும் திரும்புவார். மேற்பார்வைக்கு வந்த டாக்டர் ஒருவர், இந்த ஆளுக்கு ரத்தத்தைக் கண்டால் பயம் போலிருக்கிறது என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்.

கும்பாவின் கடைக்குட்டி பாரிக்கு முதல் மழைக்காலத்தில் ஐந்து காய்ச்சல், அடுத்ததில் நான்கு. "இவனாவது எனக்குத் தங்குவானாடா?" என்பாள். கேலி கலக்காமல் அவள் கேட்கும் ஒரே கேள்வி அதுதான்.

மூன்றாவது மழையில் கும்பா சந்தைக்குப் போயிருந்த நாளில் பாரிக்குக் காய்ச்சல் முற்றி வலிப்பு வந்தது. அத்திமே அவனை அள்ளிப் படகில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். பாதி ஆற்றில் பையன் துவண்டுவிட்டான். மருந்து கையில் இருக்கிறது. தொடையில் போட வேண்டியதுதான் பாக்கி.

"நீ போடுப்பா!" என்று படகோட்டியிடம் ஊசியை நீட்டினார்.

"கோலை விட்டா மூணு பேரும் மீனுக்கு இரைதான்."

அத்திமே தன் தாயை நினைத்துக்கொண்டார், முன்னோரிடம் மன்னிப்புக் கேட்டார், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு குத்தினார். ஒரு சொட்டு வந்தது. பையன் பிழைத்தான்.

ஊர் கூடியதும் அவரே போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கும்பா எழுந்து நின்றாள்.

"எம்புள்ளைய தினம் நூறு கொசு குத்துது. அன்னைக்கு ஒரு கொசு கொஞ்சம் உசரமா இருந்திருக்கு. இதுக்கெல்லாமா பஞ்சாயத்து?"

ஆனாலும் தண்டனை என்று ஒன்று வேண்டுமே. பெரிய மீன் தலை ஒன்றை எல்லாரும் பார்க்க அவர் ஒருவரே தின்ன வேண்டும் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். கண் வரைக்கும் தின்றார் பாவம்.

பாரியின் ஐந்தாவது மழையில் அத்திமே ரத்தச் சோதனை முடிவைக் கொண்டுவந்தார். "மீன்தலை, உம்மவன் ரத்தம் பூரா மலேரியாக் கிருமி."

கும்பா பையனைத் தேடினாள். அவன் படகின் முனையிலிருந்து தலைகீழாகக் குதித்துக்கொண்டிருந்தான்.

"காய்ச்சல் இல்லியேடா?"

"அதான் விசயமே. அடிபட்டு அடிபட்டு அவன் உடம்பு கிருமிய அடையாளம் கண்டுக்கிச்சு. இனிமேலும் காய்ச்சல் வரலாம். ஆனா ஆளத் தூக்கிட்டுப் போறது அவ்வளவு லேசில்ல."

"அப்ப கிருமியும் கேலி உறவாயிருச்சுன்னு சொல்லு. ஒரே வீட்ல கெடந்து ஏசிக்கலாம், உசிர எடுக்கக் கூடாது."

அத்திமே விழுந்து விழுந்து சிரித்தார். பமாகோவில் இதைத்தான் நாற்பது பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். சிரித்து முடித்தபோது கும்பா சிரிக்கவில்லை.

"அந்த உறவு ஒட்ட எத்தன மழ ஆகும்?"

"நாலஞ்சு ஆகும்."

"எம் மூத்ததுங்க ரெண்டும் ரெண்டாவது மழையிலயே போயிருச்சுடா."

கும்பா மேல்துணியால் மூக்கைத் துடைத்தாள்.

"என்னடா மரமாட்டம் நிக்கிற? திட்டுடா, வெங்காயம். நீ திட்டலேன்னா நான் அழுதுருவேன்."

"மீன்தலை" என்றார் அத்திமே. அதைச் சொல்வதற்குள்ளேயே குரல் உடைந்துவிட்டது.