காலைக் கட்டியது எட்டரைக்கு

அறுவை அரங்கில் அவரை எல்லோரும் பட்டைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்திருந்தது. பத்தொன்பது வருடமாக அவர் பார்த்தது ஒரே வேலை. கை, கால் ஆபரேஷன் என்றால் தொடையிலோ புஜத்திலோ அகலமான ரப்பர் பட்டையைச் சுற்றி, கையால் அடிக்கும் பழைய பம்ப்பில் காற்றடித்து இறுக்க வேண்டும். ரத்த ஓட்டம் நிற்கும். வெட்டுகிற இடம் சுத்தமாகத் தெரியும். அப்புறம் சுவரோரமாக நின்று ஒரு மணி நேரம் ஆச்சு, ஒன்றரை ஆச்சு என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால், கொஞ்ச நேரம் தளர்த்தச் சொல்லி நச்சரிக்க வேண்டும். பெரிய படிப்புப் படித்தவர்கள் நிறைந்த அறையில் நச்சரிக்கிறவனுக்கு என்ன மரியாதை கிடைக்குமோ, அது அவருக்கு ஒரு நாளும் தட்டாமல் கிடைத்தது.

வீட்டிலும் இந்தப் புத்தி போகவில்லை. மகள் குளிக்கப் போனால் வெளியே நின்று பத்து நிமிஷம் ஆச்சு என்பார். ஆஸ்பத்திரியில் யாரும் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை என்றால் அதற்கு நாங்களா கிடைத்தோம் என்று மனைவி கேட்பாள். நியாயமான கேள்விதான்.

எலும்பு டாக்டர் கைராசிக்காரர். அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது, அவருக்கு அறவே கிடையாது. அவரைக் காக்க வைப்பது மகாபாவம் என்பதால், அவர் கை கழுவும் முன்பே காலைக் கட்டி வைத்துவிடுவது அங்கே வழக்கம். ஆனால் வெள்ளைப் பலகையில் நேரம் எழுதுவது அவர் கத்தியைக் கையில் எடுத்த பிறகுதான். பெரிய மனிதர் தொடங்கினால்தானே காரியம் தொடங்கியதாக அர்த்தம்? இடையில் போகும் ஐந்து, பத்து நிமிடம் யார் கண்ணிலும் படாது. அந்தக் காலுக்குத் தெரியும்; ஆனால் காலிடம் யார் கேட்கிறார்கள்?

அன்றைக்குப் படுத்திருந்தவர் ஒரு லாரி டிரைவர். முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி வந்திருந்தார். எட்டரைக்குத் தொடையில் பட்டை இறுகியது. டாக்டரோ வெளி வராந்தாவில், ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பார்க்க வந்த விருந்தாளிகளுக்குத் தன் சாதனைகளை விளக்கிக்கொண்டிருந்தார். சாதனைகள் ஏராளம், ஐம்பது நிமிடம் பிடித்தது. தளர்த்திவிடட்டுமா என்று பட்டைக்காரர் தலைமை நர்ஸிடம் இரண்டு தடவை கேட்டார். இதோ வந்துவிட்டார் என்று இரண்டு தடவையும் பதில் வந்தது.

ஒன்பது இருபதுக்கு டாக்டர் கத்தியை எடுத்தார். பலகையில் ஒன்பது இருபது ஏறியது. பத்தரைக்கு, இரண்டு மணி நேரம் ஆச்சு சார் என்றார் பட்டைக்காரர். டாக்டர் பலகையைப் பார்த்தார். ஒரு மணி பத்து நிமிடம்தான் ஆகிறது, இவன் வாயைக் கட்ட ஒரு பட்டை இருந்தால் கொண்டுவாருங்கள் என்றார். அறையே சிரித்தது. பட்டைக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவரைப் பிற்பாடு ரொம்ப நாள் அரித்தது. பட்டை அவிழ்ந்தபோது மணி பதினொன்றரை.

கால் ஜம்மென்று இருந்தது. விரல்கள் சிவந்தன, அசைந்தன. டாக்டர் நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை டிரைவருக்கு மூச்சு வாங்கியது. சிறுநீர் கறுத்துப் போய்க் கொஞ்சமாக வந்து, அதுவும் நின்றது. எலும்பு டாக்டர் வந்து காலைப் பார்த்தார், கால் நன்றாக இருக்கிறது என்று எழுதினார். மற்றதெல்லாம் வேறு துறை. துறைகளைப் பிரித்தவர்கள் ரத்தத்திடம் மட்டும் சொல்ல மறந்துவிட்டார்கள். அது பாட்டுக்குத் தொடையிலிருந்து நுரையீரலுக்கும் அங்கிருந்து சிறுநீரகத்துக்கும் போய்க்கொண்டிருந்தது.

சிறுநீரக டாக்டர் சின்ன வயதுப் பெண். ஆபரேஷன் குறிப்பில் கட்டு நேரம் இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் என்று போட்டிருந்தது. அந்த நேரத்துக்கு இவ்வளவு ஆகாதே, ஏதோ மருந்து ஒத்துக்கொள்ளவில்லை போல என்று சொல்லிக்கொண்டே, ஏற்றுகிற தண்ணீரைக் குறைக்க எழுதப் போனார். எலும்பு டாக்டர் பக்கத்தில் நின்று, மருந்தாகத்தான் இருக்கும் என்று பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்.

பட்டைக்காரருக்கு வார்டில் ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் விடிந்ததிலிருந்து மூன்றாவது தடவையாகக் கதவோரம் நின்றார். வெளியே டிரைவரின் மனைவி மடியில் பையை வைத்துக்கொண்டு, உள்ளே போகிற வருகிறவர்கள் முகத்தையெல்லாம் படித்துக்கொண்டிருந்தாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். வாயைத் திறந்தால் வேலை போகலாம், மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி. திறக்காவிட்டால் அந்த ஆள் போய்விடுவார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"மேடம், குறிப்புல இருக்கறது கத்தி எடுத்ததுலேர்ந்து. காலைக் கட்டினது எட்டரைக்கு. மொத்தம் மூணு மணி நேரம்."

"உன்னை யாருய்யா கேட்டது?" என்றார் எலும்பு டாக்டர்.

"நான்தான் கேட்டேன்னு வச்சுக்குங்க சார்," என்றார் சிறுநீரக டாக்டர், நிமிராமலே.

பிறகு அவர் பொறுமையாகச் சொன்னார். ரத்தம் கிடைக்காத தசை உள்ளுக்குள் உடைந்து கழிவு சேரும். கட்டை அவிழ்த்தவுடன் புது ரத்தம் பாயும்போதுதான் அங்கே அழற்சி மூளும்; அதுவும் கழிவும் உடம்பு முழுக்கச் சுற்றும். அடைத்துக்கிடந்த சாக்கடையைத் திறந்தால் நாற்றம் அடுத்த தெருவுக்கும் போகிற மாதிரிதான். கால் தப்பித்துவிடும், நுரையீரலும் சிறுநீரகமும் அடி வாங்கும். எழுதப்போனதை விட்டுவிட்டு, தண்ணீரைக் குறைக்காமல் அளந்து அளந்து ஏற்றச் சொன்னார். தசைக் கழிவைப் பார்க்க ரத்தம் எடுத்தார், டயாலிசிஸ் மெஷினை அன்றே வரவழைத்தார்.

ஒன்பதாம் நாள் டிரைவருக்குச் சிறுநீர் வந்தது. அதைக் கேட்டுக் கண்கலங்கிய ஒரே ஆண்பிள்ளை பட்டைக்காரராகத்தான் இருக்கும். அதே வாரம் நிர்வாக வசதியை முன்னிட்டு அவரைத் துணிக் கிடங்குக்கு மாற்றினார்கள். அடுத்த மாதம் எலும்பு டாக்டர், கட்டு நேரத்தில் கவனம் வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் அருமையாகப் பேசினாராம்.

டிரைவர் வீட்டுக்குப் போகிற நாளில் அவர் மனைவி பெரிய பழக்கூடையோடு கிடங்கு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரரைக் காப்பாத்தின எலும்பு டாக்டர் ரூம் எங்க இருக்கு?"

கூடை கனம். அவரே வாங்கித் தூக்கிக்கொண்டு நடந்தார். ஆபரேஷன் அன்றைக்கு நீங்களும் உள்ளே இருந்தீர்களா என்று வழியில் கேட்டாள். இருந்தேன் என்றார். அங்கே என்ன வேலை என்று கேட்டாள். மணி சொல்கிற வேலை என்றார்.

அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"ஏண்ணே, அங்க சுவர்ல கடிகாரம் இல்லையா?"

"இருந்துச்சும்மா. நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு," என்று சொல்லிவிட்டு, டாக்டர் அறைக் கதவைத் தட்டினார்.