பெற்றுக்கொண்டவர் கையொப்பம்

எதை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிற ஆள் நான். வீட்டில் மூன்று பீரோ நிறையப் புத்தகம், அடிக்குறிப்பைக்கூட விடாமல் படிப்பவன், ஆனால் என் கல்யாணப் பதிவேட்டில் சாட்சிக்கான இடத்தில்தான் கையெழுத்துப் போட்டேன். பேய் பிசாசிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. அதனால் நீங்களும் இதை நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

மலையாள எல்லையில், கோபாலபுரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தென்னந்தோப்பு. அதில் சரிபாதி, தாத்தாவின் தம்பி நாச்சிமுத்து பெயரிலேயே இன்னும் கிடக்கிறது. இளவயதில் அவரை ஒரு மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள், அங்கேயே போய்ச் சேர்ந்தார், அவ்வளவுதான் எங்கள் வீட்டில் சொல்வது. அவர் இறந்ததற்கு ஒரு தாள் கிடைத்தால் அந்தப் பாதியும் என் பெயருக்கு வந்துவிடும். அதை வாங்க அந்த ஆஸ்பத்திரிக்கே போனேன்.

ஆவண அறையிலிருந்த அம்மா பழைய பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்தார். கடைசிப் பக்கத்தில் விரல் வைத்து, "சாரே, இவிடெ ஒரு ஒப்பு. எங்கில் பைல் குளோஸ்" என்றார். ஒப்பு என்றால் கையெழுத்து, அதோடு கோப்பு முடிந்ததாம். போட்டேன். நகல் எடுத்துக் கொடுத்தார், மடித்துப் பையில் வைத்தேன்.

எதிர்க் கடையில் ஒரு டீ சொன்னேன், இரண்டு வந்தது. ஒன்றுதானே கேட்டேன் என்றால், கடைக்காரர் என் பக்கத்து ஸ்டூலைப் பார்த்து, "பெரியவருக்குச் சர்க்கரை குறைக்கணுமோ?" என்கிறார். ஸ்டூலில் யாரும் இல்லை. வீணாக்க மனமில்லாமல் இரண்டையும் நானே குடித்தேன்.

பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம், என் பக்கத்து இடம் மட்டும் காலி. கொழிஞ்சாம்பாறையில் ஏறிய ஒரு அம்மா என்னை முறைத்தார். "ஏனுங்க, வயசானவரைச் சன்னலோரம் உக்கார வெக்கக் கூடாதுங்களா? ஊரைப் பாத்து எத்தனையோ வருசமாச்சுன்னு சொல்றாரில்லீங்க?"

நம்பினால் நம்புங்கள், மறுபேச்சில்லாமல் நகர்ந்து சன்னலை விட்டுக்கொடுத்தேன்.

அப்புறம்தான் நகலை எடுத்துப் படித்தேன். சேர்த்த காரணம்: 'தோப்பைப் பாகம் பிரிக்கச் சொல்லி ஓயாமல் சத்தமிடுகிறார்.' கீழே என் தாத்தாவின் கையெழுத்து. அதன் பிறகு வருடா வருடம், வெவ்வேறு டாக்டர்கள் எழுதிய ஒரே வரி: 'குணமாகிவிட்டார். உறவினர் வந்தால் அனுப்பலாம்.' யாரும் போகவில்லை. கடைசியில் இறந்த தகவல். அதற்கும் கீழே, அன்று காலை நான் கையெழுத்துப் போட்ட இடத்துக்கு மேல் அச்சடித்திருந்தது: 'மேற்படி நபரை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.'

தாத்தா தொடங்கிவைத்த திருட்டை முத்திரையோடு முடித்துவைக்கக் கிளம்பியவன் நான் என்பது அந்த சீட்டின் விளிம்பில் ஒண்டி உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. பக்கத்தில் திரும்பிப் பார்க்கும் தைரியம் கடைசிவரை வரவில்லை.

வீடு வந்ததும் செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடி, மனைவியிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவள் தரையைக் காட்டினாள். வாசல் குழாயடியிலிருந்து மேற்கு அறை வரை ஈரக் கால்தடம். வீட்டைப் பாகம் பிரித்திருந்தால் அந்த மேற்குப் பக்கம் நாச்சிமுத்துவுக்குத்தான் வந்திருக்கும். உள்ளே போன தடம்தான் இருந்தது, வெளியே வந்த தடம் இல்லை. அறையிலும் யாரும் இல்லை.

அந்தத் தாள் பெயர் மாற்ற வில்லேஜ் ஆபீஸுக்கு இதுவரை போகவில்லை, இனியும் போகாது. மேற்கு அறைக்குள் நுழையும் முன் இன்றும் கதவைத் தட்டுகிறேன்.

அன்றைக்கு மனைவி பயந்துவிடக் கூடாதே என்று, "என் கால்தடமாத்தான் இருக்கும், கழுவினதைப் பதட்டத்துல மறந்திருப்பேன்" என்று சமாளித்துப் பார்த்தேன்.

அவள் துடைக்கும் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "சும்மா இருங்க. கல்யாணமாகி இருபத்தாறு வருசத்துல ஒரு நாளாச்சும் காலைக் கழுவீட்டு உள்ள வந்திருக்கீங்களா நீங்க?"