இடது பக்கத் தையல்

நெசவாளர் சங்கம் ஒன்றில் சேலைகளைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. தறியிலிருந்து வரும் பட்டுச் சேலையை மேசையில் விரித்ததும் நான் முதலில் பார்ப்பது பின்பக்கத்தைத்தான். முன்பக்கம் யார் பார்த்தாலும் அழகாகச் சிரிக்கும். அறுந்த இழையை முடிந்து மறைத்தது, ஜரிகை விட்டுப்போனது, கரை சேருமிடத்தில் கைதவறியது எல்லாம் பின்பக்கத்தில்தான் மாட்டும். பத்தொன்பது வருஷமாக இதையே செய்கிறேன். "உங்கிட்ட காபி குடுத்தாக்கூட டம்ளரைத் தூக்கி அடியில பாத்துட்டுத்தான் குடிப்பே" என்பார் என் கணவர். கொஞ்சம் மிகைதான், ஆனால் பொய்யில்லை.

போன வருஷம் தீபாவளி கழிந்து, எனக்கு நாற்பத்தைந்து முடிந்த சமயம், சர்க்கரை வாசல்வரை வந்துவிட்டது, எடையைக் குறைக்காவிட்டால் உள்ளே வந்துவிடும் என்றார் டாக்டர். செவிலிமேட்டில் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டு மாடியில் பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரியும் நானும் சேர்ந்தோம். சேர்ந்த முதல் நாளே அவள் காதோடு சொன்னாள்: "ஒடம்பு எளைச்சா மொதல்ல மாருதான் வத்திப்போவும். பாத்துக்க."

எனக்கு நம்பிக்கையில்லை. அவளுக்கு என்னைவிட எடை அதிகம், நான் பாதியில் நின்றுவிட வேண்டும் என்று சொல்கிறாளோ என்று நினைத்தேன். எதற்கும் பார்ப்போமே என்று போனில் ஒரே ஒரு தடவை தேடினேன். அவ்வளவுதான், அன்றிலிருந்து போன் என்னை விடவில்லை. உடற்பயிற்சி செய்தால் மார்பு சிறுத்துவிடும் என்று ஒரு பெண். இல்லை, தண்டால் எடுத்தால் பெருக்கும் என்று இன்னொரு பெண். இரண்டுக்கும் தன்னிடம் தைலம் இருப்பதாக மூன்றாவது பெண். மூன்று பேரும் ஒரே ஆள்தான், புடவையை மட்டும் மாற்றிக்கொண்டு வருகிறாள் என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் சிறுக்கத்தான் செய்தது. எட்டு மாதத்தில் பதினோரு கிலோ குறைந்தேன். கன்னம் போனது, இடுப்பு போனது, பிறகு மார்பும் போனது. உள்பாடியின் மேற்பக்கம் காலியாக மடிந்து நின்றது. சர்க்கரை இறங்கியதில் சந்தோஷம்தான், ஆனால் குளித்துவிட்டு உடுத்தும்போது அழுகை வந்த நாட்களும் உண்டு. இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த இடம் அது. கணவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று அவரையும் இரண்டு நாள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜாக்கெட்டுகள் எல்லாம் தொளதொளத்துப் போயின. பிள்ளையார்பாளையத்தில், எங்கள் சங்கத்துக்குப் பின்தெருவில், எனக்குத் தைக்கிறவள் இருக்கிறாள். தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பத்து மருமகள், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். பத்து வருஷமாக அவள்தான் தைக்கிறாள், ஆனால் ஒருநாள்கூட என் மேல் டேப்பை வைத்ததில்லை. எங்கள் பக்கம் என் வயதுப் பெண்கள் யாரும் உடம்பைக் காட்டி அளவு கொடுப்பதில்லை. நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைப் புதுத் துணியோடு பையில் போட்டுக் கொடுத்துவிடுவோம். அளவு ஜாக்கெட் என்று அதற்குப் பெயர். இதுதான் மரியாதை என்று நானும் நினைத்திருந்தேன்.

அண்ணன் மகள் கல்யாணத்துக்கு முன்னால் நான்கு பட்டு ஜாக்கெட்டுகளைப் பிடித்துத் தரச்சொல்லிக் கொடுத்தேன். என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்து, கண்ணாலேயே அளவெடுத்துக்கொண்டாள். வாங்கி வந்து போட்டுப் பார்த்தேன். கச்சிதம். ஆனாலும் கை சும்மா இருக்குமா? கழற்றி உள்பக்கத்தைத் திருப்பினேன். வலது பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குப் பிடித்துத் தைத்திருந்தாள். இடது பக்கம் அரை விரல்கூட இல்லை. நான்கிலும் அப்படியே.

அடிப்பாவி, ஒரு பக்கத்தோடு வேலையை முடித்துவிட்டு முழுக்கூலி வாங்கிவிட்டாளே என்று எரிச்சல் வந்தது. அவளிடம் கேட்காமல் நானே ஒன்றைப் பிரித்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, இடது பக்கத்தையும் வலதுக்குச் சமமாகத் தைத்தேன். போட்டால் இடது பக்கம் மூச்சுத் திணறுகிறது, கொக்கி மாட்டவில்லை. வெட்டும்போதே கோணலாக வெட்டிவிட்டு இத்தனை நாளாக மறைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் வீட்டுக்குப் போய், தெருவே கேட்கிற மாதிரி சத்தம் போட்டேன்.

அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "குடுங்கக்கா, சரி பண்ணித் தரேன்" என்றாள். சங்கத்தில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். குறையைக் காட்டும்போது சண்டை போடுகிற நெசவாளிக்குப் பெரும்பாலும் அது தெரியாமல் நடந்திருக்கும். தலையைக் குனிந்துகொள்கிறவருக்கு முன்பே தெரிந்திருக்கும். இவளுக்கு என்ன தெரியும் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, கதவைத் தாழிட்டுக் கண்ணாடி முன் நின்றேன். இடது பக்கம் பெரிதாகத்தான் இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். "நீ எடது கைக்காரிதானே? வெயிட்டெல்லாம் எடது கையிலயே தூக்கிக்கினு இருந்தா அந்தப் பக்கம் சதை பிடிக்காம இன்னா ஆவும்?"

கேட்க எவ்வளவு இனிப்பாக இருந்தது! எதையும் திருப்பிப் பார்த்தே பழகிய நான், அதை மட்டும் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டேன். மூன்று வாரம் வலது கையால் மட்டும் டம்பெல் தூக்கினேன். இப்போது நினைத்தால் என்னையே அறையலாம் போலிருக்கிறது. மூன்றாம் வாரக் கடைசியில், சோப்புப் போடும்போது, இடது மார்பின் வெளிப்பக்கம் ஒரு கட்டி விரலில் தட்டுப்பட்டது. சின்ன எலுமிச்சம்பழ அளவு இருக்கும். அழுத்தினால் நழுவியது.

கணவரும் நானும் பெண் டாக்டரிடம் போனோம். முதலில் அந்த இடது கைக்காரி கதையைத்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "சதை பிடிச்சா மார்புக்கு அடியில இருக்கிற தசையிலதான்மா பிடிக்கும். அதனால மார்பு இந்த மாதிரி பெருசாகாது. மார்புல இருக்கிறது கொழுப்பும் பால் சுரப்பியும். எளைச்சா கொழுப்பு கரையும், ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணாக் கரையும். பொறந்ததிலிருந்தே ஒரு பக்கம் கொஞ்சம் பெருசா இருந்தா பயமில்ல. புதுசா ஒரு பக்கம் மட்டும் மாறினா உடனே காட்டணும்."

படம் எடுத்தார்கள், ஸ்கேன் செய்தார்கள், ஊசி குத்திச் சதை எடுத்து அனுப்பினார்கள். முடிவு வர ஆறு நாள். அந்த ஆறு நாளும் சங்கத்தில் எத்தனையோ சேலைகளைப் பின்பக்கம் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். என் சின்ன மகள் இன்னும் பன்னிரண்டாவது முடிக்கவில்லை. எனக்கு வேறு எந்த நினைப்பும் ஓடவில்லை.

புற்றுநோய் இல்லை. ஆனால் விட்டால் வளர்கிற வகைக் கட்டி, எடுத்துவிட வேண்டும் என்றார்கள். "ஒரு வருஷத்துக்கு மேலயே இருந்திருக்கும். சுத்தியிருந்த கொழுப்பு கரைஞ்சதாலதான் உங்க கைக்கே தெரிஞ்சுது" என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று கணவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார்.

ஒரு வருஷத்துக்கு மேலே என்ற வார்த்தை மட்டும் உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பீரோவில் இருந்த பழைய ஜாக்கெட்டுகளை எல்லாம் எடுத்துப் போட்டுத் திருப்பினேன். மூன்று வருஷம் முந்தினதில் இரண்டு பக்கமும் சமம். போன வருஷப் பொங்கலுக்குத் தைத்ததில் இடது பக்கம் துணி ஒரு விரல் கூடுதல். தீபாவளிக்குத் தைத்ததில் ஒன்றரை. நான் இளைப்பதற்கு முன்பே!

ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்த மறுநாள் தையல்காரி முன்னால் போய் நின்றேன். "உனக்குத் தெரியும், இல்ல?"

மெஷினை நிறுத்தினாள். "தெரியும்க்கா. உங்க அளவு ஜாக்கெட்ல எடது பக்கம் மட்டும் தையல் இழுத்துக்கினு இருந்துச்சு. அதான் நானே கொஞ்சம் விட்டுத் தைச்சேன்."

"வாயைத் தொறந்து சொன்னா இன்னாம்மா? எனக்கு வேற மாதிரி ஆயிருந்தா?"

"எப்டிக்கா சொல்றது? உங்களுக்கு ஒரு பக்கம் பெருசா இருக்குதுன்னா? மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்காதா? பொம்பளைங்களுக்கு அது தெரியாத மாதிரி தைச்சுக் குடுக்கறதுதான் நல்ல டைலர்னு எனக்குக் கத்துக் குடுத்தாங்க." அவள் கண் கலங்கிவிட்டது. என் உடம்பைப் பற்றி எனக்கு முன்னால் இவளுக்குத் தெரிந்திருக்கிறது என்பதில் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. கத்துவதற்கு நிறைய வைத்திருந்தேன்.

அதற்குள் அவள் எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு நீல ஜாக்கெட்டை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். "இந்தம்மாவுக்கு வலது பக்கம்க்கா. ஆறு மாசத்துல ரெண்டு தடவை பிரிச்சு விட்டுட்டேன். அவங்ககிட்ட இன்னா சொல்றது?"

உள்பக்கம் பார்த்தேன். பழைய தையல் போன ஊசித் துளைகள் இரண்டு வரிசையாக இருந்தன.

"போன் போடு" என்றேன். போட்டாள். மணி அடிக்கும்போதே என் கையில் திணித்துவிட்டாள். "எனக்கு வாய் வரலக்கா. நீங்களே பேசுங்க."

யாரோ ஒரு வயசான அம்மாள். உற்சாகமான குரல். "இன்னாம்மா, ஜாக்கெட் ரெடியா? பையனை அனுப்பட்டா?"

இத்தனை நாள் இவள் ஏன் சொல்லாமல் இருந்தாள் என்று அந்த ஒரு நொடியில் எனக்குப் புரிந்தது. எனக்கும் வாய் வரவில்லை.

"பையனை அனுப்பாதீங்கம்மா" என்றேன். "நீங்களே வாங்க. இன்னைக்கே வாங்க. நேர்லதான் அளவு எடுக்கணும்."