மரியான் அண்ணனின் தலையும் நான் சொன்ன பொய்களும்

ஒவ்வொரு வருடமும் பங்குத் திருவிழா மலருக்கு நான் ஒரு சிரிப்புக் கட்டுரை எழுதிக் கொடுப்பது வழக்கம். போன வருடம் கோயில் மணிக்கயிறு அறுந்த கதை. இந்த வருடம் என்ன எழுதட்டும் என்று கேட்டபோது ஃபாதர் சிரித்துக்கொண்டே, "மரியான் ஏர்போர்ட் கதைய எழுதுங்க ததேயு, எல்லாரும் அதைத்தானே பேசுறாங்க" என்றார். கதை ஃபாதர் வரைக்கும் போய்விட்டது. எழுதுகிறேன். ஆனால் வாட்ஸ்அப்பில் நான் பேசிப் போட்டது போல அல்ல. அதில் ஓர் ஆளை விட்டுவிட்டேன். அந்த ஆள் நான்.

இராஜாக்கமங்கலம் துறையில் மரியான் அண்ணனுக்கு வயது ஐம்பத்திரண்டு. சொந்தமாக ஒரு வள்ளம் உண்டு. பேச்சு குறைவு. ஏலத்தில் மீனுக்கு விலை இறங்கினால் மற்றவர்கள் வியாபாரியின் அப்பன் பாட்டன் வரைக்கும் இழுப்பார்கள். அவர் மீன்பெட்டியை மட்டும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வார்.

அவருடைய முடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலுக்குப் போகிறவன் தலை உப்பிலும் வெயிலிலும் கிடந்து இருபத்தைந்து வயதிலேயே செம்பட்டையாகி, தேங்காய்க் கதம்பல் நார் மாதிரி ஆகிவிடும். அவர் முடி மட்டும் கறுகறுவென்று நெளிந்து நெற்றியில் விழும். காரணம் அவருடைய மனைவி கிளாரா மைனி. எங்கள் ஊரில் அண்ணியை மைனி என்போம். கடலுக்குப் போகும் முன் தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்துவிடுவார். திரும்பி வந்ததும் சோப்பைத் தொட விடமாட்டார். முதலில் இரண்டு குடம் நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைப் போக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் செம்பருத்தி இலையைக் கசக்கித் தாளி எடுத்துத் தேய்ப்பார். தலையை நிழலில்தான் காய வைக்க வேண்டும்.

நல்ல தண்ணீருக்குக் குழாயடியில் சண்டை நடக்கிற ஊர் இது. பக்கத்து வீட்டுச் செல்லபாய் அக்கா சும்மா இருப்பாளா?

"குடிக்கத் தண்ணி இல்லாமக் கெடக்கு. இவ மாப்பிளைக்க தலையில குடம் குடமா ஊத்துதா."

"எனக்க குடம், எனக்க மாப்பிள. ஒனக்க மாப்பிளையையும் இங்க விடு, ரெண்டு செம்பு ஊத்தி அனுப்புதேன்" என்பார் மைனி.

மகள் ஜெப்சியை நர்சிங் படிக்க வைக்க வேண்டும் என்று மைனி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் எட்டு வருடம் இருந்தார். நடுவில் ஒரே ஒரு முறை, நாலு வருடத்துக்கு முன் லீவில் வந்து போனார். அதன் பிறகுதான் அண்ணனுக்குத் தலை வெளுத்தது. இரண்டு குடம் ஊற்ற ஆள் இல்லை. அவர் உப்புத் தலையோடு அப்படியே படுத்துவிடுவார். மைனி வீடியோவில் கூப்பிட்டால் தொப்பியை எடுத்து மாட்டிக்கொள்வார். வீட்டுக்குள் எதற்குத் தொப்பி என்று மைனி கேட்டால், மேலே இருந்து தூசி விழுகிறது என்பார். அவர் வீடு கான்கிரீட் வீடு.

இனி என் கதை. துறை முக்கில் 'ஷார்ஜா ஜென்ட்ஸ் ஃபேன்ஸி' என்று கடை வைத்திருக்கிறேன். ஜெல், தாடி எண்ணெய், தலைச்சாயம் எல்லாம் கிடைக்கும். ஷார்ஜாவில் ஒரு சலூனில் நாலு வருடம் ஸ்டைலிஸ்டாக இருந்தேன் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். சலூனில் இருந்தது உண்மை. அங்கே கீழே விழுகிற முடியைப் பெருக்கினேன், துண்டு துவைத்தேன். கத்தரிக்கோலைத் துடைத்து வைத்தது தவிர வேறு எதற்கும் தொட்டதில்லை. ஊரில் ஆண்பிள்ளைகள் யோசனை கேட்டு வருவார்கள். ஈரத்தலையில் சீப்புப் போடாதே, வெறும் வயிற்றில் ஜெல் தடவாதே என்று எடுத்துவிடுவேன். இரண்டாவதற்கு என்ன அர்த்தம் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து மரியான் அண்ணன் வந்தார்.

"லே ததேயு, ஒரு காரியம் கேட்டா களியாக்கப்பிடாது."

"நான் யார அண்ணே களியாக்கிச் சிரிச்சிருக்கேன்?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். உப்பளத்தில் குவியலை மூடியிருக்கிற ஓலையை விலக்கினது போல இருந்தது.

"கிளாரா அடுத்த மாசம் வருதா. மொத்தமா வருதா, இனி போவல்ல. அவ பாத்துட்டுப் போன தலை இது இல்லல்லா."

அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். மைனி பார்த்துவிட்டுப் போன தலையோடு ஏர்போர்ட்டில் போய் நிற்க வேண்டும்.

கடையின் பின்னறையில் உட்கார வைத்து நானே சாயம் போட்டேன். ஈஸ்டர் பூசைக்கு அவர் கறுத்த தலையோடு வந்ததை ஊரே பார்த்தது. மூன்றாம் நாள் திரும்பி வந்தார்.

"காதுக்குப் பொறத்த ஒரே அரிப்புடே. கழுத்துல தடிப்பு தடிப்பா கெடக்கு. இது சாயத்துக்க கோளாறா இருக்குமா?"

ஷார்ஜாவில் எங்கள் மாஸ்டர் புதிதாகச் சாயம் போட வருகிறவன் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு தொட்டு வைத்து, இரண்டு நாள் கழித்து வரச் சொல்லுவார். அரித்தது என்று சொன்னவனுக்கு எவ்வளவு கெஞ்சினாலும் போடமாட்டார். நாலு வருடம் கண்ணால் பார்த்தவன் நான். அண்ணன் கேட்ட அந்த நிமிடம் அது எனக்கு நினைவு வந்தது. நினைவு வரவில்லை என்று எழுதினால் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். ஆனால் வந்தது. கோளாறு என்று சொன்னால், பிறகு ஏன் முதலிலேயே தொட்டுப் பார்க்கவில்லை என்று கேட்பாரே. என் ஷார்ஜா அங்கேயே கவிழ்ந்துவிடும்.

"அது சாயம் வேர்ல பிடிக்கித லெச்சணமாக்கும் அண்ணே. மூணு நாளு அரிச்சா மூணு மாசம் நிக்கும்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

மே மாதம், சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் திருவனந்தபுரத்தில் விமானம். வியாழக்கிழமை அவர் மறுபடியும் வந்தார். முடி வளர்ந்து அடியில் வெள்ளை தெரிந்தது. இந்தத் தடவை மீசைக்கும் வேண்டும் என்றார். நான் கிண்ணத்தில் கலக்கிக்கொண்டிருக்கும்போது, அவர் சாயப் பெட்டிக்குள் இருந்த காகிதத்தை எடுத்து விரித்தார்.

"பொடி எழுத்துல என்னமோ நெறைய அடிச்சிருக்கே. என்னல எழுதியிருக்கு இதுல?"

முழுக்க இங்கிலீஷ். நான் ஏழாம் வகுப்பு. எழுத்துக் கூட்டிக் கடைப் பலகை வாசிப்பேன், அவ்வளவுதான். காகிதத்தை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்து, உதட்டை மட்டும் அசைத்தேன்.

"இது வெள்ளக்காரத் தோலுக்கு உள்ள சட்டம் அண்ணே. நாமெல்லாம் உப்புல ஊறின ஆளு. நமக்கு ஒண்ணும் ஏறாது."

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்து கொடுத்தார்.

கழுவி முடித்ததும் கண்ணாடியில் வெகு நேரம் பார்த்தார். "மைனி பக்கத்துல போய் நில்லுங்க, மவன்னு நெனச்சிருவாவ" என்றேன். வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். ஐம்பத்திரண்டு வயது ஆள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஜெப்சி போன் பண்ணினாள்.

"சித்தப்பா, அப்பாக்குக் கண்ணு தெறக்க முடியல்ல. மூஞ்சி வீங்கிக் கெடக்கு."

போய்ப் பார்த்தேன். முகம் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. நெற்றி இறங்கிக் கண்ணை மூடியிருந்தது. மீசைக்கடியில் உதடு தடித்துத் தொங்கியது. காதோரம் நீர் வடிந்தது. ஆட்டோவில் நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனோம். டாக்டர் ஊசி போடச் சொல்லிவிட்டு, "யார் போட்டுவிட்டது இது?" என்று கேட்டார்.

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"நானேதான் போட்டேன் சார்" என்றார் அண்ணன்.

"இதுக்கு முன்னாடி போட்டப்போ அரிச்சுதா?"

"அரிச்சுது."

"அப்புறமும் ஏன் போட்டீங்க? மூச்சு முட்டியிருந்தா ஆளே போயிருப்பீங்க."

"எனக்கு வெவரம் பத்தல்ல சார்."

தலைத்தோலில் மருந்து படவேண்டும், முடியை எடுத்துவிடுங்கள் என்றார் டாக்டர். எதிரில் இருந்த முடிவெட்டும் கடையில் தலையையும் மீசையையும் மழித்தார்கள். கறுத்த முடி சுருள்சுருளாக விழுந்தது. வெட்டுகிறவர் விளக்குமாற்றால் அதை ஒதுக்கினார். என் உண்மையான வேலை அதுதான். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

சனிக்கிழமை ஜெப்சிக்குப் பரீட்சை. அண்ணனோடு நான் போனேன். துணைக்குப் போனேன் என்று ஊர் நினைத்தது. என் பெயரைச் சொல்லிவிடுவாரோ என்று பக்கத்தில் இருந்து பார்க்கத்தான் போனேன்.

மைனி வண்டியில் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கண் கூட்டத்தில் தேடியது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ததேயு, நல்லா இருக்கியளா? அண்ணன் வரல்லியா?"

அண்ணன் என் தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். கண் கொஞ்சம் திறந்திருந்தது, முக வீக்கம் பாதிகூட வற்றவில்லை. மைனியின் கண் அவர் மேல் பட்டு, தாண்டி, பின்னால் இருந்த ஆட்களிடம் போனது. அண்ணன் ஓரடி முன்னால் வந்து, "கிளாரா, வண்டிய இங்க தா" என்றார்.

மைனி குரல் வந்த பக்கம் திரும்பினார். கை வாய்க்குப் போனது.

"என்னாச்சு இது?"

"வலையில சொறிமீன் கெடந்துது. மூஞ்சில அடிச்சிட்டு."

"சொறிமீன் மீசையையுமா எடுத்துட்டுப் போச்சு?"

"அது ஆஸ்பத்திரில எடுக்கச் சொன்னாவ."

காரில் வருகிற வழியெல்லாம் மைனி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் குழித்துறை வரைக்கும் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார்.

இதோடு நான் வாயை மூடியிருந்தால் பாதிப் பாவத்தோடு போயிருக்கும். ஒரு வாரம் கழித்து வினோஜ் டீக்கடையில் பேச்சு வந்தது. நாலு பேர் சிரித்தார்கள். வினோஜ், "இத வாய்ஸா போடும் வே" என்றான். மைனியின் குரலில் "அண்ணன் வரல்லியா" என்று இழுத்துப் பேசித் துறை குரூப்பில் போட்டேன். அண்ணன் தானே கலக்கிச் சாயம் போட்டுக்கொண்டார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தலை தப்பியிருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டேன். அதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள்.

மறுநாள் ஏலத்துக்கு அண்ணன் வந்தபோது எவனோ, "அண்ணன் வரல்லியா?" என்று குரல் கொடுத்தான். அதற்கு அடுத்த நாள் மூன்று பேர் கொடுத்தார்கள். அதன் பிறகு அவர் ஏலத்துக்கு வருவதில்லை. வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டு நேராக வீட்டுக்குப் போய்விடுவார். பெட்டியை இழுத்து வைக்கிற வேலையைக் கூடக் கடலுக்குப் போகிற பங்காளி பார்த்தார்.

பிறகு மைனி கடைக்கு வந்தார்.

"அந்த வாய்ஸ செல்லபாய்க்க போன்ல கேட்டேன். சொறிமீன் இல்லன்னு அப்பந்தான் எனக்குத் தெரிஞ்சுது."

நான் தட்டில் இருந்த ஜெல் டப்பாக்களை நேராக்கினேன்.

"குவைத்ல எங்க மேடத்துக்கு மாசா மாசம் நான்தான் சாயம் போடுவேன். மொத தடவ காதுக்குப் பொறத்த தொட்டு வச்சு ரெண்டு நாளு பாக்கணும். அரிச்சா தூரக் களஞ்சிரணும். மீசையில தொடவே பிடாது. ஒரு மாசம் பொறுத்திருந்தா நானே போட்டிருப்பேன், இல்லன்னா நரையோட கெடக்கட்டும்னு விட்டிருப்பேன். நீங்க சலூன்ல நின்னவரு. ஒங்க கடையிலதான வாங்கினாரு, ஒரு வார்த்த சொல்லியிருக்கப்பிடாதா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். எதிரில் நின்றது ஒரே ஒரு ஆள். என் வாய் சொன்னது இதுதான்:

"அண்ணன் ஏங்கிட்ட ஒண்ணும் கேக்கல்ல மைனி. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

மைனி பெருமூச்சு விட்டார். "அதுதான் எனக்கும் கோவம். யாருட்டயும் ஒண்ணும் கேக்காத மனுஷன். நேத்து அதச் சொல்லியே நல்லா சத்தம் போட்டுட்டேன் அவர."

அரைக்கிலோ தேங்காய் எண்ணெய் வாங்கிக்கொண்டு போனார்.

போன வாரம் மரியான் அண்ணன் வந்தார். தொப்பி இல்லை. அரை விரல் அளவுக்கு முடி, எல்லாம் வெள்ளை. செம்பருத்தித் தாளி வாசம் அடித்தது. தட்டில் இருந்த சாயப் பெட்டி ஒன்றை எடுத்து, காகிதத்தை உருவி மேசை மேல் விரித்தார்.

"வாசில."

"எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது அண்ணே."

"அன்னைக்கே எனக்கு அப்பிடித்தான் தோணிச்சு. உதடு அசையுது, கண்ணு ஒரே எடத்துல நிக்குது."

"பின்ன எதுக்குத் தலையக் குடுத்திய?"

அவர் காகிதத்தை மடித்துப் பெட்டிக்குள் திரும்ப வைத்தார். ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்து வைத்தார்.

"தெரியாதுன்னு சொல்லுவேன்னு பாத்தேன். சொன்னா ஜெப்சிட்ட கொண்டு காட்டலாம்னு. நீ சொல்லல்ல. நான் எழும்பிப் போனா ஒனக்கு நாணக்கேடாப் போவும்லா. எழுத்து தெரியாட்டாலும் கைவேலை தெரிஞ்சிருக்கும்னு நெனச்சு இருந்துட்டேன்."

"மைனிட்ட சொல்லிட்டியளா?"

"நான் எதுக்குல சொல்லணும்?" என்றார். பெட்டியைத் தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

திருவிழா மலர் துறையில் எல்லா வீட்டுக்கும் போகும். ஃபாதர் சிரிப்புக் கட்டுரை கேட்டார், இது அப்படி வரவில்லை. எனக்கு ஷார்ஜாவில் துடைப்பம் பிடிக்கிற வேலை என்பதை இதன் மூலம் ஊருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். ஏலத்தில் குரல் கொடுக்கிறவர்கள் இனி என் கடை வாசலில் வந்து கொடுக்கலாம்.

மைனி, அண்ணன் என்னிடம் கேட்டார். இரண்டு தடவை கேட்டார்.