காசு கொடுத்து வாங்கிய சீசன்

“ரயில் சீசன் டிக்கெட்டு ஒரு மாசத்துக்கு எடுத்தா மதி, அது போதும். பெரியவளானா பிள்ளைய நிப்பாட்டத்தானே போறோம்? பின்ன மூணு மாசம் என்னத்துக்கு?”

அப்பாவின் அக்கா, என் அத்தை, இதை என் எதிரிலேயே சொன்னாள். எட்டாம் வகுப்புக்கு நான் பாறசாலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயிலில் போகவேண்டியிருந்தது. எனக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவர் யாருமில்லை. அப்பா திருவனந்தபுரத்தில், சாலை என்ற கடைத்தெருவில் மூட்டை சுமந்தார்.

தினமும் டிக்கெட் எடுப்பதா, சீசன் எடுப்பதா என்று வீட்டில் பேச்சு நடந்தது. லீவு நாளெல்லாம் போக சீசன் கட்டுப்படியாகுமா என்று அம்மா கேட்டாள். நான் பெருமையாக நடுவில் புகுந்தேன். பள்ளியிலிருந்து கடிதம் கொண்டுபோனால் பெண்பிள்ளைகளுக்குச் சீசன் இலவசம் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

“சரி மக்களே,” என்றார் அப்பா. மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய், காசு கொடுத்தே மூன்று மாதச் சீசனை வாங்கி வந்தார்.

“வெறுதே கிட்டுறதக் காசு குடுத்து வாங்கியிருக்கான்,” என்றாள் அத்தை. “பிள்ளை படிச்சு என்ன, தகப்பன் மண்டையில ஏறலியே.” அம்மாகூடச் சிரித்துவிட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது.

அடுத்த மாதமே பெரியவளானேன். சீர்த்தட்டோடு வந்த அத்தை, சடங்கு முடிந்த அன்று சாயங்காலம் பேச்சை எடுத்தாள். இனி ரயில் வேண்டாம், தையல் படிக்கட்டும் என்றாள். அம்மாவும் தலையாட்டினாள். கதவுக்குப் பின்னால் நின்று நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பா படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “சீசன் கிடக்குதே அக்கா. பாதிக்கு மேல பாக்கி. காசு போட்டதில்லா? அது தீருறது வரைக்கும் போயிட்டு வரட்டும். பின்ன பாக்கலாம்.”

போட்ட காசு வீணாவதை அத்தையால் தாங்க முடியாது. “நீ மடத்தனம் பண்ணினதுக்குப் பிள்ளை கெடந்து அலையணும்,” என்று முனகிக்கொண்டே சம்மதித்தாள். திங்கட்கிழமை ரயில் ஏறினேன். நெய்யாற்றின்கரை ஸ்டேஷன் தாண்டிய பிறகுதான் புத்தகத்தைத் திறந்தேன்.

அந்தச் சீசன் முடிவதற்கு முன்பே அப்பா அடுத்ததையும் காசு கொடுத்தே எடுத்திருந்தார். பிறகு அதற்கும் அடுத்தது. ஒவ்வொரு தடவையும் அத்தை அவர் புத்தியைப் பழிப்பாள். இவ்வளவு எளிய விஷயம் அப்பாவுக்குப் பிடிபடவில்லையே என்று நானும் உள்ளுக்குள் வருந்துவேன். சும்மா கிடைத்த சீசன் என்றால் அன்று சாயங்காலமே என்னை நிறுத்தியிருப்பார்கள், அதைத் தடுக்க அப்பாவுக்கு ஒரு சாக்கும் இருந்திருக்காது என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

இப்போது எம்.ஏ. முடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். மேற்படிப்பைக் கல்யாணத்துக்குப் பிறகு யோசிக்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆராய்ச்சிப் படிப்புக்கு முதல் வருடக் கட்டணத்தை நேற்றே கட்டிவிட்டேன்.