முகம் பொருந்தாத மணப்பெண்கள்

தென்னூரில் என் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஓர் இலவசத் தொழிற்பயிற்சி மையம் இருக்கிறது. அரசாங்கப் பணத்தில் நடப்பது. ஒரு திட்டம் முடிந்தால் இன்னொரு திட்டம் வரும், பெயின்டர் வந்து போர்டை மாற்றி எழுதிவிட்டுப் போவார். இந்தத் திட்டங்களால் நிச்சயமாக வேலைவாய்ப்பு பெற்றவர் அந்தப் பெயின்டர் ஒருவர்தான் என்று நான் சொன்னால் விஜயராணிக்குக் கோபம் வரும். அதனாலேயே வாரம் ஒரு முறையாவது சொல்லுவேன்.

விஜயராணி அந்த மையத்தின் ஒருங்கிணைப்பாளர். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவரின் மகள். பி.ஏ. முடித்துவிட்டு இதே மாடியில் கம்ப்யூட்டர் படிக்க வந்தார். படிப்பு முடிந்ததும் வேலை என்றார்கள். பொய் சொல்லக் கூடாது, கொடுத்தார்கள். அடுத்த பேட்சுக்கு ஆள் பிடிக்கிற வேலை. அன்றிலிருந்து திட்டம் விட்டுத் திட்டம் தாவி, காண்ட்ராக்டிலேயே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. ஊருக்கெல்லாம் வேலை வாங்கித் தருகிற அம்மணிக்கு ஒவ்வொரு மார்ச் மாதமும் காண்ட்ராக்ட் முடியும், ஏப்ரலில் வேலை இருக்குமா என்று அவருக்கே தெரியாது.

ஆள் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பேட்சுக்கு முப்பது பேர் வேண்டும். குறைந்தால் பேட்சே ரத்து. ஆகவே அவர் கண்ணில் மனிதர்கள் இரண்டே வகை, சேர்ந்தவர்கள், இனிமேல் சேரப்போகிறவர்கள். சமயபுரத்தில் மாரியம்மனைப் பார்க்க வரிசையில் நின்றால், சந்நிதிக்குப் போவதற்குள் இரண்டு பேரிடம் ஆதார் நம்பர் வாங்கியிருப்பார். ஒரு சாவு வீட்டில் மாலை போட்டுவிட்டுத் திரும்பும்போது, அழுதுகொண்டிருந்த பெண்ணின் தோளைத் தொட்டு, "மனச தேத்திக்கம்மா. பன்னெண்டாவது முடிச்சிட்டியா?" என்று கேட்டதை நானே என் காதால் கேட்டேன்.

இந்த வலையில் என் வீடும் தப்பவில்லை. அழகுக்கலைப் பயிற்சியில் ஒரு பெண் திடீரென்று நின்றுவிட, எண்ணிக்கை ஒன்று குறைந்தது. மறுநாள் மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. என் மனைவி நஜ்முன்னிசா மாடியில் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். நேரே மேலே போய் விஜயராணியிடம் சண்டைக்கு நின்றேன்.

"என் பொண்டாட்டிய சேர்க்கறதுக்கு என்னைய ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"வயசு வரம்புக்குள்ளதான் இருக்காங்க பாய். நீங்கதான் தாண்டிட்டீங்க, இல்லாட்டி உங்களையும் சேர்த்திருப்பேன்" என்றார் விஜயராணி.

நஜ்முன்னிசாவிடம் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். சாதத்தை நானே போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

அந்தப் பேட்சில் செல்லக்கிளி என்று ஒரு பெண் இருந்தாள். பச்சைமலைக்காரி. நெற்றியில் ஒரே கோடாக, நடுவில் இடைவெளியே இல்லாமல் சேர்ந்துபோன அடர்த்தியான புருவம். பேச்சு குறைவு. அவளை விஜயராணி மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தது இது மூன்றாவது முறை. முதல் முறை தையல். பாதியில் திட்டமே முடிந்துபோனது. இரண்டாம் முறை நர்ஸுக்கு உதவியாளர் படிப்பு. நான்கு பேர் நின்றுவிட்டதில் பேட்ச் ரத்தானது. இரண்டு தடவையும் வெறுங்கையோடு பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு அவள் அண்ணன், விஜயராணியின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திவிடுவாராம்.

மூன்றாம் முறை விஜயராணி சாத்திய கதவுக்கு வெளியே நின்றே பேசியிருக்கிறார். "இந்தத் தடவ சர்டிபிகேட் கையில வாங்காம உன் தங்கச்சிய அனுப்ப மாட்டேன் தம்பி" என்று சத்தியம் செய்திருக்கிறார். துறையூரில் ஒரு பார்லர்காரம்மா, சர்டிபிகேட்டோடு வந்தால் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். செல்லக்கிளி இறங்கி வந்தாள். என் கடையில் ஆதார் நகல் எடுக்க வந்தபோது, "இதுவும் போச்சுன்னா இனிமே மலைய விட்டு எறங்க மாட்டேண்ணே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

தேர்வு நாள் வந்தது. தேர்வு வைக்க வெளியூர் நிறுவனத்திலிருந்து அனுபமா என்ற இளம் அதிகாரி ஒரு டேப்லெட்டோடு வந்து இறங்கினார். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. டீ கொடுத்தால் "நோ தேங்க்ஸ்". ஆரம்பத்திலேயே விதியைச் சொல்லிவிட்டார். பெண்கள் இரண்டிரண்டு பேராகச் சேர வேண்டும். காலையில் ஒருத்தி மற்றவளை மணப்பெண்ணாக அலங்கரிக்க வேண்டும், மதியம் இடம் மாற வேண்டும். அலங்கரித்தவளையும் மணப்பெண்ணையும் சேர்த்து டேப்லெட் படம் எடுக்கும். அலங்கரித்தவளின் முகம், அவள் பயிற்சியில் சேர்ந்த அன்று எடுத்த படத்தோடு பொருந்தினால்தான் மதிப்பெண் போட வழி திறக்கும். பொருந்தாவிட்டால் அவள் தேர்வுக்கே வராததாகக் கணக்கு. ஆறு மணிக்கு எல்லாம் தானாக மூடிவிடும்.

செல்லக்கிளிக்கு ஜோடி என் நஜ்முன்னிசா. காலையில் அலங்கரிக்கும் முறை நஜ்முன்னிசாவுக்கு. அவள் கைக்குக் கிடைத்த முதல் மணப்பெண் செல்லக்கிளி. வினாத்தாளில் மேக்கப், கொண்டை, பூ, புடவை மடிப்பு, இவ்வளவுதான். புருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் நஜ்முன்னிசாவால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "கல்யாணப் பொண்ணுக்கு இந்தப் புருவமாடி?" என்று முடி பிடுங்கும் நூலை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் காடு மாதிரி இருந்தது பிறைபோல ஆகிவிட்டது. செல்லக்கிளி கண்ணாடியைப் பார்த்தாள். நிரம்ப நேரம் பார்த்தாள். அவள் முகத்தை அவளே அப்போதுதான் சந்தித்தாற்போல் இருந்தது.

டேப்லெட் நஜ்முன்னிசாவை உடனே அடையாளம் கண்டுகொண்டது. கட்டிய புருஷன் நானே அவள் அன்று போட்டிருந்த வெள்ளைக் கோட்டில் அவளைச் சட்டென்று கண்டுபிடிக்கவில்லை. மிஷின் கெட்டிக்காரன்தான்.

மதியம் இடம் மாறும்போது, மணப்பெண்களாக இருந்தவர்கள் முகம் கழுவிவிட்டு வேலையில் இறங்கியிருக்க வேண்டும். கெடுத்தது விஜயராணி. இந்தத் திட்டங்களில் எது நடந்தாலும் படம் எடுத்து அதிகாரிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். படம் இல்லாத வேலை நடக்காத வேலை. மாடி நிறைய மணப்பெண்களைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"யாரும் கழுவாதீங்கடி! சாயங்காலம் எல்லாரையும் நிக்க வச்சு ஒரு குரூப் போட்டோ. ஜில்லாவுலயே நம்ம சென்டர்தான் டாப்பு!"

பெண்களுக்கும் கழுவ மனசில்லை. நெற்றிச்சுட்டியும் ஒட்டியாணமுமாக அவர்களே அடுத்தவர்களை அலங்கரித்தார்கள். மணப்பெண்ணே மணப்பெண்ணுக்குப் பவுடர் பூசுகிற காட்சியை நான் மையத்துப் பிரின்டருக்கு டோனர் மாற்றும் சாக்கில் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அனுபமா டேப்லெட்டைத் தூக்கினார். முதல் பெண் நின்றாள். 'முகம் பொருந்தவில்லை.' இரண்டாவது பெண். 'முகம் பொருந்தவில்லை.' வரிசையாக நின்ற அத்தனை மணப்பெண்களையும் அந்த மிஷின் யாரென்றே தெரியாது என்றுவிட்டது.

"மேடம், இது சுமதி. நான்தான் சேர்த்தேன், எனக்குத் தெரியாதா?" என்றார் விஜயராணி.

"உங்களுக்குத் தெரிஞ்சா போதாதுங்க. இதுக்குத் தெரியணும்" என்றார் அனுபமா.

விஜயராணி உதவி எண்ணுக்குப் போன் போட்டார். புகாரைப் பதிவு செய்யச் சொன்னார்கள், இரண்டு நாளில் பதில் வருமாம். கையில் இருந்தது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. போனை வைத்துவிட்டு அவர் போட்ட கூச்சல் சாஸ்திரி ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். "காலையில பொண்ணா இருந்தவங்க எல்லாரும் கழுவுங்கடி!"

தண்ணீருக்கு அந்த மேக்கப் அசையவில்லை. வியர்த்தாலும் அழுதாலும் கலையாத சரக்கு, தேர்வுக்கென்று தேடிப் பிடித்து வாங்கியதாயிற்றே. "ஏங்க, வீட்ல தேங்காயெண்ணெய் டின் இருக்கு, ஓடுங்க!" என்று நஜ்முன்னிசா மாடியிலிருந்து கத்தினாள். ஓடினேன். என் வயதுக்கு அது ஓட்டமா என்று கேட்காதீர்கள். எண்ணெய் போட்டுத் தேய்த்துத் துடைக்க, மணப்பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்து சுமதியும் மற்றவர்களும் வெளியே வந்தார்கள். டேப்லெட்டும் ஒவ்வொருவராக ஏற்றுக்கொண்டது.

கடைசியாகச் செல்லக்கிளி. துடைத்த முகம், எண்ணெய்ப் பளபளப்பு. 'முகம் பொருந்தவில்லை.' இன்னொரு முறை துடைத்தார்கள். பொருந்தவில்லை. ஜன்னல் பக்கம், விளக்குக்குக் கீழே, எங்கே நிறுத்தினாலும் பொருந்தவில்லை. அனுபமா, பதிவுப் படத்தைத் திறந்து பார்த்தார். பிறகு செல்லக்கிளியைப் பார்த்தார்.

"இவங்க ஐப்ரோ எங்க?" என்றார்.

எல்லோரும் நஜ்முன்னிசாவைப் பார்த்தார்கள். என் மனைவி மணப்பெண் அலங்காரத்தோடு சுவரோரம் ஒதுங்கினாள். கண் கலங்கிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது, அந்த நேரத்தில் கேலி பண்ணவும் தோன்றவில்லை. விஜயராணி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"மூணாவது தடவையும் ஏமாத்திட்டேன் பாய். அவங்க அண்ணன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

செல்லக்கிளிதான் முதலில் பேசினாள். "அந்தப் போட்டோவப் பெருசா எடுத்துத் தருவீங்களாண்ணே?"

விஜயராணி தன் போனில் இருந்த பதிவுப் படத்தை எனக்கு அனுப்பினார். கீழே இறங்கி, தாள் கொள்ளுமட்டும் பெரிதாக்கி, கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துக்கொண்டு வந்தேன். செல்லக்கிளி அதைக் கண்ணாடியில் செருகினாள். புருவப் பென்சிலை எடுத்தாள். அனுபமாவைப் பார்த்து, "வரையலாமாங்க மேடம்?" என்று கேட்டாள்.

அனுபமா யோசித்தார். "மேக்கப் போடக் கூடாதுன்னு விதி எதுவும் இல்ல" என்றார்.

முடி முடியாக வரைந்தாள். மேலே கொஞ்சம் கலைந்து நிற்கும் முடி, இடது பக்கத்தில் ஒரு சிறு வெட்டுத் தழும்பின் இடைவெளி, நடுவில் இரண்டையும் சேர்க்கிற மெல்லிய நிழல், எதையும் விடவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தும் பென்சில் என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் வந்த பிறைப் புருவ முகம் போய், மலையிலிருந்து இறங்கி வந்த முகம் திரும்பி வந்தது. அவள் அலங்கரித்த மணப்பெண்ணோடு, அதாவது என் நஜ்முன்னிசாவோடு, போய் நின்றாள்.

டேப்லெட் யோசித்தது. சக்கரம் சுற்றியது. நான் எனக்குத் தெரிந்த துவாவையெல்லாம் ஓதினேன், விஜயராணி சமயபுரத்தாளைக் கூப்பிட்டார். பச்சை டிக் விழுந்தது. மாடியில் எழுந்த சத்தத்தில் கீழே என் கடைக்கு வந்தவர்கள் என்னவோ ஏதோவென்று ஏறி வந்துவிட்டார்கள். அனுபமா மட்டும் சத்தம் போடவில்லை. மதிப்பெண்ணைப் போட்டு முடித்து, டேப்லெட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, "அந்த டீ இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

எல்லோரும் பாஸ். குரூப் போட்டோவுக்குத்தான் மணப்பெண்கள் பாதிக்குமேல் மிஞ்சவில்லை. மீதிப் பாதி எண்ணெய் வழியும் முகங்களோடு நின்றதை எடுத்து அனுப்பினார் விஜயராணி. 'தலைக்கு எண்ணெய் வைக்கும் பயிற்சியா?' என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்ததாம்.

சர்டிபிகேட் வந்துசேர்ந்த மாதமே திட்டம் முடிந்தது. அடுத்தது எப்போது, என்ன பெயரில் வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. விஜயராணிக்கு அந்த மாதத்தோடு சம்பளமும் கிடையாது. ஆனாலும் துறையூர் பார்லரில் செல்லக்கிளிக்கு வேலையை உறுதிசெய்துவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு சர்டிபிகேட்டோடு பச்சைமலைக்குப் போனார். திரும்பி வந்து என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தவர், நகல் எடுக்க வந்த ஒரு பெண்ணிடம் பன்னிரண்டாவது முடித்தாயா என்றுகூடக் கேட்கவில்லை. அது வழக்கமில்லை என்பதால் எனக்குப் பயமாகிவிட்டது.

"அண்ணன் கதவைச் சாத்திட்டாரா?" என்று கேட்டேன்.

"இல்ல பாய். தொறந்து வச்சிருந்தாரு. உள்ள கூப்ட்டு உட்கார வச்சு, சர்டிபிகேட்ட ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. அப்புறம் வெளிய போயி அக்கம்பக்கத்துப் பொண்ணுங்கள எல்லாம் கூட்டியாந்துட்டாரு. எல்லாரும் ஆதார் கார்ட கையில புடிச்சிட்டு நிக்கறாங்க. அவரு பொண்டாட்டியும் நிக்குது. இத்தன வருஷமா நான் ஆளத் தேடி அலைஞ்சேன். இன்னிக்கு ஆளு தானா வந்து நிக்குது, எங்கிட்ட கோர்ஸே இல்ல. அழுகையா வந்துருச்சு பாய்."

"என்ன சொன்னீங்க?"

"உள்ளத சொன்னேன். இப்ப ஒண்ணும் இல்ல, எப்ப வரும்னும் தெரியாது, வந்தா வரேன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

விஜயராணி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "'நீங்க வாங்கக்கா, நாங்க இருக்கோம்'னாங்க."