போடாத கசற்

நாட்டை விட்டு வந்து நாங்கள் இருந்த லாங்கன்தாலில் எங்களுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்த ரீச்சர் ஒரு நாள் கரும்பலகையில் பெரிய சாடி ஒன்றை வரைந்தார். கிரேக்கர்களின் பழைய கதையாம். உலகத்தின் முதல் பெண்ணிடம் தெய்வங்கள் அந்தச் சாடியைக் கொடுத்து, திறக்காதே என்றன. அவள் திறந்தாள். நோய், பட்டினி, சாவு எல்லாம் வெளியே பறந்து மனிதர்களைப் பிடித்துக்கொண்டன. அவள் பயந்து மூடியபோது உள்ளே மிஞ்சியது நம்பிக்கை மட்டும்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திறக்கக் கூடாத சாமானை வீட்டில் கொண்டுவந்து வைத்தவர்களுக்குக் குற்றமில்லை, திறந்தவளுக்கு மட்டும் பழியா? அரைகுறை ஜெர்மனில் கேட்டேவிட்டேன். ரீச்சர் சிரித்தார். "சரி, நம்பிக்கை நல்லதென்றால் அந்தக் கேடுகளோடு அதற்கு என்ன வேலை? அடுத்த கிழமை யோசித்துவிட்டு வந்து சொல்லுங்கள்" என்றார்.

யோசிக்கிற நிலையிலா நான் இருந்தேன்? நான் சமைக்கிற குசினியிலும் திறக்காத ஒன்று கிடந்தது. ஊரிலிருந்து இங்கே ஆரா நகரத்துக்கு வந்த ஒருவர் மிளகாய்த்தூள் பார்சலுக்குள் வைத்துக் கொண்டுவந்து தந்த, குரல் பதிந்த கசற். கடிதம் எழுதப் பஞ்சிப்படுகிற எங்கள் வீட்டார் குரலைப் பதிந்துதான் அனுப்புவார்கள். முதலில் ஐயா, பிறகு அம்மா, கடைசியில் தம்பி. தம்பி ஒழுங்காக ஒன்றும் பேச மாட்டான். பாட்டுப் பாடி என்னைப் பகிடி பண்ணுவான்.

இந்தக் கசற் வருவதற்கு முன்பே கொழும்பிலிருந்து ஒரு போன் வந்திருந்தது. தம்பியை ஆமி பிடித்துக்கொண்டு போய்விட்டதாம். விட்டார்களா, கொன்றார்களா, தெரியாது. பதில் அந்தக் கசற்றுக்குள்தான் இருக்கவேண்டும். அதை அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அரிசி அள்ளும்போதெல்லாம் அந்தப் பக்கம் பாராமல் அள்ளினேன்.

"இஞ்சரும், போட்டுக் கேப்பம்," என்றார் கணவர்.

"வேண்டாம். போடாட்டி அவன் இருக்கிறான்."

"போட்டாலும் இருப்பான்தானே?"

"இல்லாட்டி?"

அவருக்கும் பயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை, தேவாலய மணி அடித்து ஓய்ந்த பிறகு, தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு நானே போட்டேன். ஐயா மழையைப் பற்றிப் பேசினார். மாடு கன்று போட்டதைப் பற்றிப் பேசினார். தம்பியைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிறகு அம்மா வந்தார்.

"பிள்ளை, தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஆமிக் காம்பிலை போய்க் கேட்டா, அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லையெண்டு சொல்லுறாங்கள். நான் ஒவ்வொரு நாளும் அவன்ரை சோத்தைப் போட்டு மூடி வைக்கிறன். விடியத் திறந்து பாத்திட்டு நாய்க்குப் போடுறன். வருவான். நீ யோசியாதை."

அடுத்தது தம்பியின் முறை. ஒருவரும் பேசவில்லை. கசற் வெறும் இரைச்சலோடு சுற்றிக்கொண்டிருந்தது. அவனுக்கான இடத்தை அப்படியே விட்டுவிட்டிருந்தார்கள். நிறுத்துவதற்குக் கணவர் கையை நீட்டினார். நான் விடவில்லை. பாடிவிடுவான் பாடிவிடுவான் என்று முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த கிழமை ரீச்சர் மறக்காமல் என்னிடம் கேட்டார், நம்பிக்கை நல்லதா கெட்டதா என்று. அம்மா விடிய எழும்பி அந்த மூடியைத் திறப்பதுதான் எனக்குக் கண்ணுக்குள் வந்தது. ஜெர்மன் வரவில்லை என்று சொல்லித் தப்பினேன்.